பணம் அம்மாவுக்கு... ஓடிபி யாருக்கு? டிஜிட்டல் திட்டங்களில் பெண்கள் எங்கே தடுக்கப்படுகிறார்கள்?

ரேஷன் கடையில் கைரேகை. அங்கன்வாடியில் முகப்பதிவு. நூறு நாள் வேலையில் செல்போன் போட்டோ. மகளிர் உரிமைத்தொகைக்கு வங்கிக் கணக்கு, ஆதார், எஸ்எம்எஸ். கிராமத்துப் பெண் ஒருவர் அரசைச் சந்திக்கும் இடங்களில் பெரும்பாலானவை இன்று ஏதாவது ஒரு திரை வழியாகத்தான் நடக்கின்றன.

இந்தத் திட்டங்களின் பயனாளிகளில் பெரும்பாலானோர் பெண்கள். ஆனால் திரை இருக்கும் போன் யாருடையது? அதிலுள்ள சிம் யார் பெயரில் வாங்கியது? டிஜிட்டல் கொள்கையில் பாலின சமத்துவம் என்று பேசும்போது கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான். ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி போன்ற ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களைப் பற்றிய மூன்று எண்களை வரிசையாகப் பாருங்கள்.

• தானே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பெண்கள்: 92.2 சதவீதம்
• தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள்: 74.6 சதவீதம்
• ஒருமுறையாவது இன்டர்நெட் பயன்படுத்திய பெண்கள்: 46.9 சதவீதம்

அதாவது பத்தில் ஒன்பது பேருக்குக் கணக்கு இருக்கிறது. நான்கில் மூன்று பேரிடம்தான் போன் இருக்கிறது. இன்டர்நெட்டைத் தொட்டவர்கள் பாதிக்கும் குறைவு.

எல்லையைத் தாண்டி ஆந்திராவுக்குப் போனால் நிலைமை இன்னும் இறங்குகிறது. அங்கே தனக்கென செல்போன் வைத்திருந்த பெண்கள் 48.9 சதவீதம். இன்டர்நெட் பயன்படுத்தியவர்கள் 21 சதவீதம்.

இந்த ஆய்வுக்குப் பிறகு போன்கள் நிச்சயம் பெருகியிருக்கும். ஆனால் திட்டங்களும் அதே வேகத்தில், சில இடங்களில் அதைவிட வேகமாக, போனுக்குள் போய்விட்டன. பணம் வந்து சேர்வது முதல் எண்ணில். அந்தப் பணம் வந்த சேதியும் ஓடிபியும் வருவது இரண்டாவது எண்ணில். விண்ணப்பத்தின் நிலையைப் பார்ப்பதும் புகார் கொடுப்பதும் மூன்றாவது எண்ணில். பெண்கள் விடுபடுவது இந்த மூன்று எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான்.

உரிமைத்தொகையில் என்ன நடந்தது?

கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் சுமார் 1.06 கோடி பெண்களுக்கு மாதம் ரூ.1,000 நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது.

இதில் பாராட்ட வேண்டிய விஷயங்கள் உண்டு. விண்ணப்பத்தை ஆன்லைனில் போடச் சொல்லி மக்களை அலையவிடவில்லை. ரேஷன் கடை வாரியாக முகாம் போட்டு, டோக்கன் கொடுத்து, நேரில் வரவழைத்துப் பதிவு செய்தார்கள். ரேஷன் அட்டையில் கணவர் குடும்பத் தலைவராக இருந்தாலும் மனைவியே குடும்பத் தலைவியாகக் கருதப்பட்டார். கைம்பெண்கள், திருமணமாகாத பெண்கள், திருநங்கைகள் தலைமையில் இருக்கும் குடும்பங்களும் சேர்க்கப்பட்டன. பணம் நேராகப் பெண்ணின் கணக்குக்குப் போனது. இடைத்தரகர் கிடையாது.

சிக்கல் வந்தது அதற்கு அடுத்த கட்டத்தில். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணம் எஸ்எம்எஸ்-ஸில் வரும். அது வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். விதியாகப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. ஆனால் விண்ணப்பத்தில் கொடுத்தது மகனுடைய நம்பராக இருந்தால்? மகன் சென்னையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலையில் இருந்தால்? அந்த மெசேஜை அவர் பார்க்காமலே தள்ளிவிட்டால் அம்மாவின் 30 நாள் ஓடிவிடும். "நமக்கு ஏன்டா வரல?" என்று அம்மா கேட்கும்போது பதில் சொல்ல யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி முதல் மாதப் பணத்திலேயே பிடித்தம் செய்தன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று மாநில நிதியமைச்சரே எச்சரிக்க வேண்டியிருந்தது. பிடித்தது தெரிந்தால்தானே புகார் கொடுக்க முடியும்? பிடித்தம் பற்றிய மெசேஜும் அதே நம்பருக்குத்தான் போகும்.

எல்லையோரத்தில் ஏன் சிக்கல் அதிகம்?

திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்த ஊர். ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டோடு இணைந்தது. கோடு மாறினாலும் உறவு மாறவில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. நகரி, புத்தூர் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சாதாரணம்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கல்யாணத்தால் ஊர் மாறுவது பெரும்பாலும் பெண்தான். அதனால் ஆதார் முகவரியை மாற்றுவது, ரேஷன் அட்டையில் பெயர் நீக்குவது, புது அட்டையில் சேர்ப்பது, வங்கிக் கிளையை மாற்றுவது என எல்லா அலைச்சலும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளையின் ஆவணங்களில் ஒரு எழுத்துகூட மாற வேண்டியதில்லை.

ஒரே மாநிலத்துக்குள் மாறினாலே இது பெரிய வேலை. மாநிலமே மாறினால்? நகரியிலிருந்து திருத்தணிக்கு வாழ வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆந்திர அட்டையில் பெயர் நீங்க வேண்டும். தமிழ்நாட்டு அட்டையில் ஏற வேண்டும். அதுவரை அவர் அந்த வீட்டில் சமைக்கலாம், பிள்ளை வளர்க்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் கணக்கில் அவர் குடும்பத் தலைவி கிடையாது. பெயர் தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் போகும்போது எழுத்து மாறிவிட்டால், ஆதாரும் வங்கிக் கணக்கும் பொருந்தவில்லை என்று இன்னொரு முறை நடக்க வேண்டும்.

பிரசவத்துக்குத் தாய் வீடு வருவதும் இப்படித்தான். 2025 ஜூலை 1 முதல் அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு, 'போஷன் டிராக்கர்' செயலியில் முகப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பாக ஆதார் வழியான இ-கேஒய்சி முடிக்க வேண்டும். அதற்கான ஓடிபி ஆதாரில் இணைத்த எண்ணுக்குப் போகும். அது கணவரின் எண்ணாக இருந்து, அவர் மாநிலத்துக்கு அந்தப் பக்கம் வேலையில் இருந்தால், மாவு வாங்க வந்த பெண்ணும் அங்கன்வாடி ஊழியரும் போனில் அவரைப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். "ஓடிபி வந்துச்சா பாருங்க" என்று சொல்லும் அந்த ஊழியரும் பெண்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பஸ் டிக்கெட் சொல்லும் பாடம்

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணமும் இதே ஊரில் இருக்கிறது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் பயணம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஏறினால் போதும். ஆதார் கேட்பதில்லை, செயலி இல்லை, ஓடிபி இல்லை. எந்த ஊர் என்றுகூட கேட்பதில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான்.

ஆந்திராவும் 2025 ஆகஸ்ட் 15 அன்று 'ஸ்த்ரீ சக்தி' என்ற பெயரில் பெண்களுக்கு இலவசப் பயணம் கொண்டுவந்தது. அங்கே ஆந்திராவில் வசிப்பவர் என்று காட்டும் அடையாள அட்டை வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்களுக்கு இது பொருந்தாது. கர்நாடகா 2023 ஜூனில் தொடங்கிய 'சக்தி' திட்டத்திலும் முகவரி ஆவணம் தேவை.

செலவு செய்யும் அரசு தன் மாநிலத்தவருக்கு மட்டும் என்று வரையறுப்பதில் காரணம் இருக்கலாம். ஆனால் பலன் யார் கையில் சேர்கிறது என்று பாருங்கள். திருத்தணியிலிருந்து நகரிக்கு வாழப் போன பெண், ஆதார் முகவரியை மாற்றாத வரை அங்கே டிக்கெட் எடுக்க வேண்டும். நகரியிலிருந்து திருத்தணிக்கு வந்த பெண் முதல் நாளே நகரப் பேருந்தில் இலவசமாகப் போகலாம். இருவரும் ஒரே மாதிரி கல்யாணம் ஆகி ஊர் மாறியவர்கள். வித்தியாசம் திட்டத்தின் வடிவமைப்பில் மட்டும்தான். எந்த ஆவணத்தைக் கேட்கிறோம் என்பதே யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

நூறு நாள் வேலை: கேமரா வந்தது, முறைகேடு போனதா?

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் 85 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். அதனால் இந்தத் திட்டத்தில் எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் அது பெண்கள் மீதான தொழில்நுட்பம்தான்.

2023 ஜனவரி 1 முதல் 'என்எம்எம்எஸ்' செயலி வழியான வருகைப் பதிவு கட்டாயமானது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிவாகும்படி போட்டோ எடுக்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் ஆதார் அடிப்படையிலான சம்பளமும் கட்டாயமாக்கப்பட்டது.

நடைமுறையில் என்ன ஆனது? அளவு வேலையைச் சீக்கிரம் முடித்தாலும் இரண்டாவது போட்டோவுக்காக வெயிலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்ற புகார் பல மாநிலங்களில் எழுந்தது. வீட்டில் ஆடு, மாடு, பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் சும்மா இல்லை. சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் பணித்தளப் பொறுப்பாளர் தன் சொந்த ஸ்மார்ட்போனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

இவ்வளவும் முறைகேட்டைத் தடுக்கத்தானே? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களைப் பதிவேற்றுவது, போட்டோவையே போட்டோ எடுத்துப் போடுவது, படத்தில் இருக்கும் ஆண், பெண் எண்ணிக்கை பதிவேட்டோடு பொருந்தாதது என்று குறைகளைப் பட்டியலிட்டது. ஏமாற்ற நினைப்பவர் வழி கண்டுபிடித்துவிட்டார். ஒழுங்காக வேலை செய்த பெண் காத்துக்கொண்டு நின்றார்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டம், பழைய சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலை என்கிறது. பயோமெட்ரிக் சரிபார்ப்பும் தொழில்நுட்பக் கண்காணிப்பும் அதற்குள்ளேயே இடம்பெற்றுவிட்டன. ஆகவே இந்தக் கேள்வி இனி இன்னும் பெரிதாகும்.

கடைவீதி கியூஆர்: காசு யார் கணக்கில்?

திருத்தணி முருகனின் ஐந்தாம் படை வீடு. ஆடிக் கிருத்திகை சமயத்தில் ஊரே கடைவீதியாகிவிடும். பூ, தேங்காய், பழம், அர்ச்சனைத் தட்டு என்று விற்பவர்களில் நிறையப் பெண்கள். இதுபோன்ற எந்தக் கோயில் வாசலிலும் இன்று கியூஆர் அட்டை தொங்குகிறது.

அந்த அட்டை யார் கணக்கோடு இணைந்தது என்பதுதான் விஷயம். மகன் அல்லது கணவர் கணக்காக இருந்தால், நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து விற்ற காசு கைக்கு வராமலே வேறு கணக்குக்குப் போய்விடும். ரொக்கமாக இருந்தபோது சுருக்குப் பையில் இருந்த பணம், டிஜிட்டல் ஆனதும் கேட்டு வாங்க வேண்டிய பணமாகிறது.

இழப்பு அதோடு நிற்பதில்லை. 2020 ஜூன் 1 அன்று தொடங்கிய சாலையோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி திட்டம் முதல் கடனாக ரூ.10,000 கொடுத்தது, டிஜிட்டல் பரிவர்த்தனைக்குக் கேஷ்பேக்கும் உண்டு. வரவு செலவு எந்தக் கணக்கில் நடக்கிறதோ அந்தக் கணக்குக்குத்தான் வங்கியில் மதிப்பு. வியாபாரம் அம்மாவுடையது, வரலாறு மகனுடையது என்றால், நாளைக்குப் பெரிய கடன் கேட்கும்போது அம்மா புது ஆளாகத்தான் நிற்பார்.

உலகம் என்ன சொல்கிறது?

இது திருத்தணியின் பிரச்சினை மட்டுமல்ல. செல்போன் நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2024ல் வெளியிட்ட அறிக்கைப்படி, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் ஆண்களைவிடப் பெண்கள் மொபைல் இன்டர்நெட் பயன்படுத்துவது 15 சதவீதம் குறைவு. தெற்காசியாவில் அந்த இடைவெளி 31 சதவீதம்.

2024 செப்டம்பரில் நியூயார்க்கில் ஐ.நா. உறுப்பு நாடுகள் ஏற்ற 'உலகளாவிய டிஜிட்டல் உடன்பாடு' இந்தப் பாலின இடைவெளியை மூடுவதை இலக்குகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு மாநில மகளிர் கொள்கையும் டிஜிட்டல் இடைவெளியைக் குறைப்பது பற்றிப் பேசுகிறது. காகிதத்தில் ஒப்புக்கொள்ளாதவர் யாரும் இல்லை. ஒவ்வொரு திட்டத்தின் விண்ணப்பப் படிவத்திலும் அது இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

அரசு என்ன செய்யலாம்?

திருத்தணி மலைக்கு 365 படிகளும் உண்டு, வண்டிப் பாதையும் உண்டு. படி ஏற முடியாதவரைப் பார்த்து "உனக்குத் தரிசனம் கிடையாது" என்று யாரும் சொல்வதில்லை. டிஜிட்டல் சேவைக்கும் அப்படி இரண்டாவது வழி வேண்டும்.

முதலில், சரிபார்ப்பு தோற்றால் என்ன என்பதற்குப் பதில். ஆதார் சரிபார்ப்பு சரியாக வரவில்லை என்பதற்காகப் பலனை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பாத்திரம் தேய்த்தும் செங்கல் தூக்கியும் ரேகை தேய்ந்த கைக்கு என்ன மாற்று வழி என்பது ஒவ்வொரு ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். எல்லையோரத்தில் தெலுங்கிலும்.

இரண்டாவது, எஸ்எம்எஸ்-ஸை மட்டும் நம்பக் கூடாது. நிராகரிப்பு, பிடித்தம் போன்ற முக்கியமான தகவலை ரேஷன் கடைப் பலகையில் ஒட்டலாம், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் வாசிக்கலாம். 2025 ஆகஸ்டில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோகும் 'தாயுமானவர்' திட்டம் தொடங்கியது. பொருளைக் கொண்டுபோக முடிந்தால் தகவலையும் கொண்டுபோகலாம்.

மூன்றாவது, கணக்கெடுப்பை மாற்ற வேண்டும். "இத்தனை கோடிப் பேருக்குப் பணம் போனது" என்பது பாதித் தகவல்தான். அவர்களில் எத்தனை பேரின் எண் அவர்களுடையது என்பதையும் எண்ணினால், எந்த ஊரில் எந்தத் தெருவில் உதவி தேவை என்று தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டில் இப்போதே பார்க்க வேண்டியவை

• அம்மா, மனைவி, பாட்டி ஆகியோரின் ஆதாரில் எந்த செல்போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். அது அவர்கள் கையில் இருக்கும் எண்தானா?
• எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போகலாம். செல்போன் எண் மாற்றத்துக்கு ஆவணம் தேவையில்லை. கட்டணம் உண்டு, ரசீது கேட்டு வாங்குங்கள். ஆதார் உதவி எண் 1947; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.
• ஒன்றுக்கு மேல் வங்கிக் கணக்கு இருந்தால், நலத்திட்டப் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். "பணம் வரல" என்று நினைக்கும் முன் அந்தக் கணக்கைப் பாருங்கள்.
• ரொம்ப நாள் ரீசார்ஜ் செய்யாத எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். வங்கியோடு இணைத்த எண்ணை அப்படி விடாதீர்கள்.
• கடை கியூஆர் அட்டை, கடையில் உட்காருகிறவரின் கணக்கோடு இணைந்திருக்கட்டும்.
• ஓடிபி-யை போனில் கேட்பவரிடம் சொல்லக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.
• கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் சும்மா வந்துவிட வேண்டாம். மாற்று வழி என்ன என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் மனு கொடுங்கள்.

அம்மாவுக்குப் பழைய போனையும் தனி நம்பரையும் கொடுப்பது வீட்டுக்குள் முடிகிற வேலை. போனே இல்லாத வீட்டிலும், போனைத் தர மறுக்கிற வீட்டிலும் இருக்கும் பெண்ணுக்கு உரிமைத்தொகையும் சத்துமாவும் கூலியும் தடையில்லாமல் போய்ச்சேர வைப்பதுதான் அரசின் வேலை.